வளையம் கைவிட்ட பிறகு: எடைக் குறைப்புக்கு இரண்டாவது அறுவைச் சிகிச்சையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆற்காட்டில் உறவினர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் ஆட்டுக்கறி பிரியாணி. என் அக்கா இரண்டாவது வாய் விழுங்கியதும் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். வலது கை இலையில் அப்படியே இருந்தது, இடது கை நெஞ்சுக்குழியை அழுத்திக்கொண்டிருந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்க, அதை விழுங்கவும் முடியவில்லை. எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போனாள். நுரையும் எச்சிலுமாக வெளியே வந்த பிறகு, கடைசியில் அந்த ஒரே ஒரு கறித்துண்டும் வந்தது. கால் மணி நேரம் கழித்து யாரோ கையில் கொடுத்த மக்கன் பேடாவை அவள் சிறிது சிறிதாகச் சாப்பிட்டாள். அது ஒரு சிக்கலும் இல்லாமல் உள்ளே போய்விட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா சொன்னார்: "கறி இறங்காதாம், பேடா மட்டும் இறங்குமாம். அப்புறம் எடை எப்படிக் குறையும்?"

அந்தப் பெரியம்மா இளக்காரமாகச் சொன்னதுதான் உண்மையில் நடந்துகொண்டிருந்தது. மெல்ல வேண்டியது சிக்கும், கரைவது வழுக்கிப் போகும். எடை குறைவதற்காக அக்காவின் வயிற்றில் 2010ஆம் ஆண்டு மாட்டிய வளையம் அப்படித்தான் வேலை செய்தது. அது அவளுடைய வாய்க்கட்டுப்பாட்டின் குறை என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். அவளும் நம்பினாள். அதற்கு அடுத்த ஓராண்டில், வேலூரில் மருத்துவர்களிடம் அலைந்து நான் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. இது மருத்துவரிடம் போய் உட்காரும்போது அவர் பேசுவது புரிவதற்கான கட்டுரை.

வளையம் என்பது என்ன?

கேஸ்ட்ரிக் பேண்ட் என்று மருத்துவமனையில் சொல்வார்கள். சிலிக்கோனால் ஆன வளையம். லேப்ராஸ்கோபி முறையில் வயிற்றில் சிறு துளைகள் போட்டு, உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே இதை மாட்டுவார்கள். சுருக்குப் பையின் கழுத்தில் கயிறு கட்டியதுபோல் இரைப்பை இரண்டாகத் தெரியும். மேலே 15 முதல் 30 மி.லி. வரை மட்டுமே கொள்ளும் சின்னப் பை. இருமல் மருந்துப் புட்டியின் மூடியால் இரண்டு மூடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே மீதி இரைப்பை.

வளையத்தின் உட்புறத்தில் பலூன் போன்ற ஓர் அடுக்கு உண்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு, வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்திருக்கும் பொத்தான் போன்ற 'போர்ட்'டில் முடியும். அந்த போர்ட்டில் ஊசி குத்தி உப்பு நீரை ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சி எடுத்தால் தளரும். மேலே உள்ள சின்னப் பை கொஞ்சம் உணவிலேயே நிறைந்து, போதும் என்ற உணர்வு சீக்கிரம் வரும் என்பதுதான் இதன் தத்துவம்.

அமெரிக்காவில் லூபோமிர் குஸ்மாக் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1986இல் இப்படி இறுக்கித் தளர்த்தக்கூடிய வளையத்தைப் பொருத்தினார். 2001இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லேப்-பேண்ட் என்ற வளையத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. எதையும் வெட்ட வேண்டாம், குடலைத் தொட வேண்டாம், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். இந்த மூன்று வார்த்தைகளுக்காகவே உலகெங்கும் ஏராளமானவர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அக்காவும் அப்படித்தான். 155 செ.மீ. உயரம், 108 கிலோ எடை. உயரத்துக்கேற்ற எடையைக் கணக்கிடும் பி.எம்.ஐ. 45. மற்ற அறுவைகளின் பெயரைக் கேட்டதுமே அம்மா அழ ஆரம்பித்துவிட்டதால், கழற்றிவிடலாம் என்ற சொல் எங்கள் வீட்டில் எடுபட்டது.

முதல் இரண்டு ஆண்டுகளில் 84 கிலோவுக்கு வந்தாள். பிறகு அது மெல்ல மெல்ல 101 ஆனது.

ஏன் கைவிடுகிறது?

அடுத்து என்ன அறுவை என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டிய கேள்வி இது. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இது ஒன்றைத்தான்: வளையம் எந்தக் காரணத்தால் கைவிட்டது என்பதுதான் அடுத்த அறுவை எது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எதைச் செய்துகொண்டார், எந்த மருத்துவமனை எதை விளம்பரப்படுத்துகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எடை மட்டும் குறையவில்லை, வேறு தொந்தரவு இல்லை என்பது ஒரு வகை. வளையம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது உணவு இறங்கும் வேகத்தைத்தான் குறைக்கிறது. மைதா பரோட்டா, சப்பாத்தி, கறி எல்லாம் சிக்கும். ஐஸ்கிரீம், பாயசம், பேடா, பழரசம் எல்லாம் தடையின்றி இறங்கும். சிக்கும் உணவைக் கண்டு பயந்தவர்கள், அறியாமலேயே வழுக்கும் உணவின் பக்கம் போய்விடுகிறார்கள். வழுக்கும் உணவில்தான் சர்க்கரையும் கொழுப்பும் அதிகம். அக்கா மதிய உணவுக்குப் பதிலாகக் குளிர்ந்த பாதாம் பால் குடித்துக்கொண்டிருந்த மாதங்கள் உண்டு. மற்றது எதுவும் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, வளையத்தை அடிக்கடி சரிபார்த்து இறுக்கித் தளர்த்த வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து சென்னைக்கு 140 கி.மீ. போய்வர வேண்டியிருந்தது. பிறகு வளையம் மாட்டிய மருத்துவர் அங்கிருந்து போய்விட்டார். புதிதாக வந்தவர் இரண்டு முறை பார்த்தார். அதன் பிறகு தேதி கொடுக்க ஆளில்லை. வளையம் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேர் இப்படிப் பாதியில் விடப்பட்டவர்கள்.

அடுத்தது வளையம் நழுவுதல். கீழே இருக்க வேண்டிய இரைப்பையின் ஒரு பகுதி வளையத்துக்குள் புகுந்து மேலே ஏறிவிடும். எக்ஸ்ரேயில் வழக்கமாக இடது தோளை நோக்கிச் சாய்ந்திருக்கும் வளையம், படுக்கையாகவோ வேறு திசையிலோ திரும்பியிருக்கும். திடீரென்று தண்ணீர்கூட இறங்காமல் போய், விடாத வாந்தியும் வயிற்று வலியும் வந்தால் அது அவசர நிலை. மேலேறிய பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவில் முதல் வேலையாக, போர்ட்டில் ஊசி குத்தி நீரை எடுத்து வளையத்தைத் தளர்த்துவார்கள். அதனால் உள்ளே போனதும், வயிற்றில் வளையம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இன்னொரு காரணம் அரிப்பு. தோலில் வரும் நமைச்சல் அல்ல, வளையம் இரைப்பையை அரித்துவிடுவது. வளையம் ஆண்டுக்கணக்கில் உராய்ந்து இரைப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே போய்விடும். இதில் பெரிய வலி இல்லாமலும் இருக்கலாம் என்பதுதான் கவலைக்குரியது. வளையத்தின் பிடி திடீரென்று இல்லாதது போல் பசி திரும்பும், எடை ஏறும். அல்லது தோலுக்கடியில் இருக்கும் போர்ட்டைச் சுற்றிச் சிவந்து சீழ் பிடிக்கும். போர்ட்டில் சீழ் என்றால் களிம்பு தடவி ஆற்றப் பார்க்காமல், வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும்.

போர்ட் புரண்டுபோவதும், குழாய் கசிவதும் எளிய கோளாறுகள். அவற்றை மட்டும் சரிசெய்தாலே போதுமானதாக இருக்கலாம்.

கடைசியாக, அக்காவுக்கு நேர்ந்தது. வளையத்துக்கு மேலே உணவு தேங்கித் தேங்கி, சின்னப் பையும் அதற்கு மேலே உணவுக்குழாயும் விரிந்துவிட்டன. இரவில் படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு வரும். நடுராத்திரி இருமல் வரும். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்குவாள். ஆஸ்துமா என்று இரண்டு ஆண்டு மருந்து சாப்பிட்டாள்! வயிற்றில் வளையம் இருப்பதை இருமலுக்குப் பார்த்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பழைய காகிதம் எங்கே?

ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி.யாக நிற்கும் ஊர் எங்களுடையது. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். துணிப்பை ஒரு தோளில் என்றால், மறுகையில் எக்ஸ்ரே உறையும் தடித்த ஃபைலும் இருக்கும். உள்ளூர்க்காரர்களாகிய நாங்கள் வெறுங்கையோடு போனோம். மருத்துவர் முதலில் கேட்டது, "முதல் ஆபரேஷனின் குறிப்பு இருக்கிறதா அம்மா?" என்பதுதான்.

அந்தக் குறிப்பில்தான் வளையம் எந்த நிறுவனத்தினுடையது, எத்தனை மி.லி. கொள்ளும், எப்படித் தைத்துப் பொருத்தினார்கள், அப்போது உதரவிதானத்தில் ஓட்டை ஏதும் இருந்ததா என்பதெல்லாம் இருக்கும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நீர் ஏற்றினார்கள் என்ற அட்டையும் முக்கியம். வீட்டுப் பரணில் ஒரு நகைக்கடைப் பைக்குள், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தது. மடித்த இடத்தில் எழுத்து தேய்ந்திருந்தது. ஆனாலும் வளையத்தின் பெயரும் அளவும் படிக்கக்கூடியதாக இருந்தன. உங்களிடம் அது இல்லையென்றால், அறுவை நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்துக் கேளுங்கள். நோயாளிக்கு அந்த உரிமை உண்டு.

அடுத்து பரிசோதனைகள். வளையத்தின் இருப்பிடம் பார்க்க எக்ஸ்ரே. சுண்ணாம்புக் கரைசல் போன்ற பேரியத்தைக் குடிக்கச் சொல்லி அது இறங்கும் வழியைத் திரையில் பார்ப்பது இன்னொன்று. விரிவும் நழுவலும் இதில்தான் பளிச்சென்று தெரியும். அரிப்பும் புண்ணும் தெரிய எண்டோஸ்கோபி. அப்போதே இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். உணவுக்குழாய் விரிந்திருந்தால் அதன் தசைகள் ஒழுங்காகச் சுருங்குகின்றனவா என்பதை அளக்கும் மேனோமெட்ரி. இவற்றோடு சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, தைராய்டு, கல்லீரல், பித்தப்பை ஸ்கேன், தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்ற சோதனை.

இவ்வளவும் முடியும் முன்பே "ஸ்லீவ் செய்துவிடலாம், அடுத்த வாரம் வாருங்கள்" என்று, இரைப்பையை வெட்டிச் சுருக்கும் அந்த அறுவைக்கு ஒருவர் தேதி கொடுத்தால், நான் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவேன்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

வளையத்தைத் தளர்த்திவிட்டுப் பொறுத்திருப்பது முதல் படி. நீரை முழுக்க எடுத்துவிட்டால் உணவுக்குழாய் ஓய்வெடுக்கும். அக்காவுக்கு அந்த ஒரே நாளில் இருமல் பாதியாகக் குறைந்தது.

கழற்றிவிட்டு அத்தோடு நிறுத்துவது இரண்டாவது வழி. உபத்திரவம் தீரும். ஆனால் பெரும்பாலோருக்கு எடை திரும்ப ஏறிவிடும். உடல் பருமன் என்பது பசியையும் நிறைவையும் இயக்கும் ஹார்மோன்களின் கோளாறும் சேர்ந்த நாள்பட்ட நோய். வளையம் போனதும் அந்த நோய் அப்படியே உள்ளே காத்திருக்கிறது. வேறு அறுவை தாங்காத உடல்நிலை உள்ளவர்களுக்கும், போதும் இந்தப் பாடு என்று முடிவெடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். அந்த முடிவை யாரும் குறையாகப் பேசக் கூடாது.

பழைய வளையத்தை எடுத்துவிட்டுப் புது வளையம் மாட்டுவதை இப்போது அநேகமாக யாரும் பரிந்துரைப்பதில்லை. எந்த வண்டி நடுவழியில் நின்றதோ அதே வண்டியில் மறுபடி ஏறுவது போலத்தான் அது.

மீதி இருப்பவை ஸ்லீவும் பைபாஸும். பெரும்பாலோருடைய தேர்வு இவ்விரண்டுக்கும் நடுவில்தான்.

ஸ்லீவ் என்றால் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவது. சுமார் 12 மி.மீ. கனமுள்ள ஒரு குழாயை அளவுக்கு உள்ளே வைத்து, அதை ஒட்டி ஸ்டேப்ளர் போட்டுக்கொண்டே வருவார்கள். எஞ்சுவது வாழைப்பழ வடிவத்தில் ஒரு குழல். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் மேற்பகுதி வெளியே போய்விடுவதால் பசியும் குறைகிறது. குடலைத் தொடுவதில்லை என்பதால் சத்துக் குறைபாடு ஒப்பளவில் குறைவு. ஆனால் வெட்டியெடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது. இன்னொரு முக்கியமான சங்கதி: அந்தக் குழலுக்குள் அழுத்தம் அதிகம். ஏற்கெனவே நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடக்கூடும். வளையத்தால் உணவுக்குழாய் விரிந்துபோன ஒருவருக்கு ஸ்லீவ் செய்வது, ஒரு நெருக்கலிலிருந்து எடுத்து இன்னொரு நெருக்கலில் போடுவதாகிவிடும்.

பைபாஸ் என்பது வேறு வேலை. இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மி.லி. பை ஒன்றைப் பிரித்தெடுத்து, அதைச் சிறுகுடலின் சற்றுக் கீழான பகுதியோடு நேராக இணைப்பார்கள். மீதி இரைப்பை வயிற்றுக்குள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அதன் வழியே போகாது. அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் மேசன் 1966இல் தொடங்கிவைத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. ரூ-என்-ஒய் என்று சொல்லும் வடிவத்தில் குடலை ஆங்கில 'ஒய்' எழுத்துப்போல் இணைப்பதால், அமிலமும் பித்தநீரும் மேலே ஏறும் வழி அடைபடுகிறது. எதுக்களிப்பு உள்ளவர்களுக்கும், சர்க்கரை நோய் கட்டுக்குள் வராதவர்களுக்கும் இது பொதுவாகக் கூடுதல் பலன் தரும். பதிலுக்கு இது கேட்கும் விலை, ஆயுள் முழுவதும் சத்து மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும். இணைப்பு போட்ட இடத்தில் புண் வரலாம். குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து ஆண்டுகள் கழித்தும் உண்டு.

இதில் மினி பைபாஸ் என்ற வகை நம் நாட்டில் நிறையச் செய்யப்படுகிறது. இரண்டு இணைப்புக்குப் பதில் ஒரே இணைப்பு, அதனால் நேரம் குறைவு. ராபர்ட் ரட்லெட்ஜ் 1997இல் தொடங்கிய முறை. எடை நன்றாகக் குறையும், சர்க்கரையும் கட்டுப்படும். ஆனால் பித்தநீர் மேலேறும் வாய்ப்பு சிலருக்கு இருப்பதால், உணவுக்குழாய் ஏற்கெனவே புண்ணான நிலையில் பல மருத்துவர்கள் தயங்குவார்கள். குடலின் பெரும்பகுதியைத் தாண்டிவிடும் டியோடினல் ஸ்விட்ச் வகையும் உண்டு. எடை அதிகமாகக் குறைவது அதில்தான், புரதக் குறைபாடும் அடிக்கடி வயிற்றுப்போக்கும் அதிகம் வருவதும் அதில்தான். மாத்திரையும் பரிசோதனையும் தவறாதவர்களுக்கு மட்டுமே அதை யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் அக்காவுக்கு எது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். எதுக்களிப்பு, விரிந்த உணவுக்குழாய், மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை. ரூ-என்-ஒய் பைபாஸ். இதே வேலூரில் எங்களுக்குத் தெரிந்த இன்னொரு பெண்ணுக்கு எதுக்களிப்பு துளியும் இல்லை, உணவுக்குழாய் ஒழுங்காக இருந்தது, குடல்நோய்க்காக நீண்ட நாள் மருந்து எடுப்பவர். அவருக்கு மருத்துவர் ஸ்லீவ் செய்தார். இருவருக்கும் சரியான முடிவுதான்.

ஒரே தடவையிலா, இரண்டு தடவையாகவா?

இதைப் பலரும் கேட்பதில்லை, ஆனால் கேட்டே ஆக வேண்டும். வளையம் இருந்த இடத்தைச் சுற்றி உடல் ஒரு தடித்த தழும்பு உறையை வளர்த்திருக்கும். கல்லீரலின் இடது மடல் அதன்மேல் ஒட்டியிருக்கும். வளையத்தைக் கழற்றினாலும் அந்த உறை, மோதிரம் கழற்றிய விரலில் இருக்கும் வடுப்போல இரைப்பையை இறுக்கிக்கொண்டிருக்கும். அதை உரித்தெடுக்காமல், தடித்த தழும்பின் மேலேயே ஸ்டேப்ளர் போட்டால் அந்தத் தையல் கசியும் ஆபத்து கூடுகிறது. முதல்முறை செய்யும் அறுவையைவிட மறு அறுவையில் சிக்கல் அதிகம் என்று சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

வளையம் நல்ல நிலையில் இருந்து, எடை மட்டும் குறையாதவர்களுக்குக் கழற்றுவதையும் அடுத்த அறுவையையும் ஒரே மயக்கத்தில் முடிக்கலாம். அரிப்பு, சீழ், கடுமையான வீக்கம், பெரிய விரிவு என்றால் முதலில் கழற்றி, மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆறவிட்டுப் பிறகு இரண்டாவதைச் செய்வதுதான் பாதுகாப்பு. அக்காவுக்கு நான்கு மாதம் விட்டார்கள். அந்த இடைவெளியில் ஆறு கிலோ ஏறியது. அவள் உடைந்துபோன நாட்கள் அவை. "இது எதிர்பார்த்ததுதான் அம்மா, திரும்பவும் பேரியம் எடுத்துப் பார்ப்போம்" என்றார் மருத்துவர். எடுத்துப் பார்த்தபோது உணவுக்குழாய் பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது.

மயக்கத்துக்குப் போகும் முன் ஒரு விஷயம். எடைக் குறைப்புக்கு வாரம் ஒருமுறை போடும் டிர்ஸெபடைட், செமாக்ளுடைட் ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. மறு அறுவைக்குப் பதிலாகவோ, அதற்கு முன்போ பின்போ துணையாகவோ இவை பயன்படலாமா என்று கேளுங்கள். அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு இது உண்மையான மாற்று. நிறுத்தினால் எடை திரும்புவது வழக்கம் என்பதால், செலவை ஆண்டுக்கணக்கில் யோசித்துக்கொள்ள வேண்டும். இந்த ஊசி போட்டுக்கொள்பவர்கள் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்பதால் மயக்கத்தில் உணவு மேலேறும் ஆபத்து உண்டு.

மருத்துவரிடம் நாங்கள் கேட்ட கேள்விகளில் பயனுள்ளதாக இருந்தவை இவை. வளையத்தைக் கழற்றி மாற்று அறுவை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எனக்கு ஏன் இது, ஏன் மற்றது வேண்டாம்? உள்ளே பார்த்த பிறகு திட்டம் மாறினால் என்ன செய்வீர்கள்? கசிவு வந்தால் இதே மருத்துவமனையில் இரவிலும் ஸ்கேனும் தீவிர சிகிச்சையும் உண்டா? ஐந்து ஆண்டு கழித்து என்னை யார் பார்ப்பார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்டபோது அக்காவின் குரல் கம்மியது. சென்னை அலைச்சலை நினைத்துக்கொண்டாள்.

காப்பீடு இருந்தால் எழுத்தில் வாங்குங்கள். நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டின் பொது நிபந்தனைப்படி பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்றவை இருந்தால்தான் இந்த அறுவைகளுக்குப் பணம் கிடைக்கும். மறு அறுவை அதில் அடங்குமா என்பதை வாய்மொழியாக நம்ப வேண்டாம்.

பிறகு நடப்பது

எடையைப் பற்றிய எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறையாகவே பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குக் குறையும் அளவுக்கு, வளையத்துக்குப் பிறகு செய்துகொள்பவர்களுக்குப் பொதுவாகக் குறைவதில்லை. ஓராண்டு முடிவில் அக்கா 77 கிலோ. சர்க்கரை மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றானது. ஒரு தலையணையில் படுக்கிறாள்.

வீடு திரும்பிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் நாடித்துடிப்பு படபடவென்று ஓடினாலோ, காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலியோ, இடது தோள் வலியோ வந்தாலோ உடனே அறுவை செய்த இடத்துக்கே போக வேண்டும். கசிவின் அறிகுறியாக இருக்கலாம். விடாத வாந்தி வந்தால் வேறோர் ஆபத்தும் உண்டு. தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோய், பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் என்று மூளையைப் பாதிக்கும். அப்போது குளுக்கோஸ் ஏற்றும் முன்பே தயமின் கொடுக்க வேண்டும். பைபாஸ் செய்தவர் என்று சொல்லுங்கள், வைட்டமின் பற்றிக் கேளுங்கள்.

நம்மூரில் நான் மிகவும் பயப்படுவது மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரைக்குத்தான். முழங்கால் வலி உடல் பருமனோடு கூடவே வருவது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். பீடி, சிகரெட்டும் அப்படியே. எந்த வலி மாத்திரை சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, அந்தச் சீட்டை மணிபர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது. குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

சாப்பாட்டில் முதலில் புரதம். நாளுக்கு 60 முதல் 80 கிராம் என்பார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஓர் இட்லியில் 2 கிராம் அளவுதான். அதனால் இலையில் முட்டை, மீன், கோழி, பாசிப்பயறு, சுண்டல், பனீர் முதலில், சோறும் இட்லியும் கடைசியில் என்று வரிசையை மாற்ற வேண்டியிருந்தது. சைவக்காரர்களுக்கு இது இன்னும் கடினம், பி12 இன்னும் கவனம். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது வேலூர் வெயிலில் பழகக் கொஞ்ச நாள் ஆனது.

கறி இப்போது இறங்குகிறது, நன்றாக மென்றால். பேடாவைத்தான் உடம்பு ஏற்பதில்லை. ஒருமுறை பாதிப் பேடா சாப்பிட்டாள். இருபது நிமிடத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு கலக்கிப் படுத்துவிட்டாள். சர்க்கரை சிறுகுடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டுவதால் வருவது இது, டம்பிங் என்று பெயர். அதன் பிறகு ஆற்காட்டிலிருந்து யார் பேடாப் பெட்டி கொண்டுவந்தாலும் என்னிடம் தள்ளிவிடுகிறாள்.

இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சமையலறைச் சுவரில் தினம் கிழிக்கும் காலண்டர் தொங்குகிறது. அதன் தாளில் காலையில் 'இ' என்றும் இரவில் 'சு' என்றும் அக்கா பென்சிலால் எழுதுகிறாள். இரண்டு எழுத்தும் இருந்தால்தான் மறுநாள் அந்தத் தாளைக் கிழிக்கிறாள்.